அத்தை ஏசாத நாற்பது நாள்

எங்கள் அத்தையை ஏச வைப்பதற்காக நான் பட்ட பாட்டை அந்தத் தெருவில் வேறு யாரும் பட்டிருக்க மாட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் அவளை ஏசாமல் இருக்க வைக்கத்தான் பாடுபட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தமிழ் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு திரேஸ்புரத்தில். வீட்டில் ஒரு பாஷை, கல்லூரியில் ஒரு பாஷை. காலையில் பாவாடை தாவணி மாற்றும்போதே நாக்கையும் மாற்றிக்கொள்வேன். வாரான், போறான் எல்லாம் தெருமுனையோடு நின்றுவிடும். அதற்கப்புறம் வருகிறான், போகிறான்தான். அப்படியும் எப்போதாவது வாய் தவறி 'அங்கன' என்று வந்துவிட்டால் முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்வாள். அந்த மூக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துவிட எனக்குக் கை துறுதுறுக்கும்.

அந்த வருஷம் புதிதாக ஒரு மிஸ் வந்தார். நாசரேத்துப் பக்கத்து வாத்தியார் குடும்பம். மொழியியல் படித்துவிட்டு வந்திருந்தார். வந்த கையோடு எங்களுக்கு ஒரு வேலை வைத்தார். அவரவர் வீட்டில் பேசுகிற பேச்சை நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். நூறு சொல்லோ சொலவடையோ இருக்க வேண்டும். யார் சொன்னது, எதற்காகச் சொன்னது என்பதும் வேண்டும். ஈஸ்டர் லீவுக்கு முன்னால் நோட்டு மேசைக்கு வந்துவிட வேண்டும். நல்ல நோட்டை வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாராம்.

ஆற்றங்கரை ஊர்ப் பெண்கள் வயலையும் வாய்க்காலையும் எழுதினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என்று ஒரு பக்கம் நிரப்பி, எங்கள் கரையில் இறங்கிய போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்கள் என்று பெருமையாக மேலே தலைப்பும் போட்டேன். மிஸ் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"சாவியும் ஜன்னலும் மெட்ராஸ்காரங்க வீட்டிலேயும்தான் இருக்கு. உங்க வீட்டில மட்டும் என்ன இருக்கு? மனுஷங்க கோபத்திலதான் சொந்த பாஷை பேசுவாங்க. உங்க வீட்டில நல்லா கோபப்படுறது யாரு?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. எங்களுக்கு அடுத்த வீடு. மாமா தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர். வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். தோணித்தொழிலை அவர் தேர்ந்தெடுத்ததே அத்தையின் வாய்க்குப் பயந்துதான் என்று அப்பா சொல்வார். அத்தை ஏச ஆரம்பித்தால் தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் ஒரு கெட்ட வார்த்தை இருக்காது. எல்லாம் மீனும் உப்பும் தோணியும்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் 'ஊதின பேத்தை'. பேத்தை என்பது தொட்டால் பந்தாக உப்பிக்கொள்கிற மீன். அசையாமல் நின்றால், வலையில் கொழகொழவென்று கிடக்கிற 'செத்த கணவாய்'. சொன்ன வேலையைப் பாதியில் விட்டால் 'கரை தட்டின தோணி'. சின்னப் பிள்ளையாக இருந்தபோது முத்துக்குளிப்புக் காலத்தில் அழுகின சிப்பியைக் கழுவி முத்துப் பொறுக்கப் போயிருக்கிறாள். அந்த நாற்றத்தையும் அவள் வீணாக்கவில்லை. யாரைப் பார்த்தாவது அவளுக்கு ரொம்பவும் வெறுத்துப்போனால், "ஆயிரஞ் சிப்பி அழுகியும் ஒரு முத்தில்லாத மூதி" என்பாள்.

நூறு என்ன, ஒரு காலைப்பொழுதுக்குள் இருநூறு கிடைக்கும். நோட்டும் பென்சிலுமாக அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தவக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அத்தை ஏச்சை விட்டிருந்தாள்.

தவக்காலத்தில் எல்லோரும் எதையாவது விடுவார்கள். பெரும்பாலும் கறி. கடற்கரைக்காரர்கள் கறியை விடுகிறேன் என்றால், 'நீ என்னைக்கு அதைக் கண்டே' என்று மாதாவே கேட்பாள். அத்தை மாதா கோயிலில் முழங்காலிட்டு வேறு மாதிரி நேர்ந்துகொண்டாள். அவளுக்கு மெதுவாக வேண்டிக்கொள்ளத் தெரியாது என்பதால் கோயிலில் பாதிப் பேருக்கு அது கேட்டது.

"நாப்பது நாளைக்கி ஒரு சீவனையும் ஏச மாட்டேன் தாயே. ஈஸ்டருக்கு எம் மவனும் மருமவளும் பேத்தியத் தூக்கிக்கிட்டு எவ் வாசல்ல வந்து நிக்கணும்."

அத்தைக்கு ஒரே மகன். புதுத் துறைமுகத்தில் வேலை. கிறிஸ்துமஸ் கழிந்து பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த சமயம், மாமியாருக்கும் மருமகளுக்கும் என்னவோ ஆகி, மூன்று பேரும் துறைமுகத்துப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. எப்போதும் போல ஏசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டோம். இரண்டரை வயதுப் பேத்தியைப் பார்க்காமல் அத்தை பாதியாக இளைத்துப்போனாள். ஒரு ஏச்சு வாயை விட்டு வெளியே வந்தாலும் பேத்தி வர மாட்டாள் என்று அவள் முழுசாக நம்பினாள்.

நோன்பு தொடங்கிய மூன்றாம் நாளே தெரு கெட்டுவிட்டது. குழாயடியில் வரிசை என்று ஒன்று இருந்ததே அத்தையின் நாக்கால்தான். இப்போது குடத்தைத் தூக்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் முன்னால் போனார்கள். ஐஸ் வண்டிக்காரன் அரைக் கட்டியைக் கொடுத்துவிட்டு முழுக் கட்டி என்றான். எதிர்வீட்டு ஆடு அத்தையின் முருங்கைக் கன்றை மேய்ந்துவிட்டு, ஒன்றும் நடக்காததால் குழம்பிப்போய் அங்கேயே நின்றது. அத்தை வாயைப் பொத்தவே முடியாதா என்று வருஷக்கணக்காக அப்பாவிடம் முறையிட்டவர்களே இப்போது வந்து, "அண்ணாச்சி, ஒங்க அக்காளக் கொஞ்சம் ஏசச் சொல்லுங்க" என்று கெஞ்சினார்கள்.

நல்ல பிள்ளையாக இருந்தால் நோட்டை மூடி வைத்துவிட்டு வேறு வழி பார்த்திருப்பேன். நான் நல்ல பிள்ளை இல்லை. முதல் பெஞ்சுக்காரியின் மூக்கு என் கண் முன்னால் நின்றது.

முதலில் கருவாட்டில் தொடங்கினேன். அத்தை முற்றத்தில் ஓலைப்பாய் விரித்துச் சாளையைக் காயப்போட்டுவிட்டு, காக்காயைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப்போனாள். நான் காக்காயைப் பார்த்துக்கொண்டேன். அது இறங்கியதைப் பார்த்தேன், கூட்டாளிகளைக் கூப்பிட்டதைப் பார்த்தேன், பந்தி நடந்ததையும் பார்த்தேன். அத்தை திரும்பி வந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு இரண்டு தடவை கோணிக்கொண்டு போனது. நான் நோட்டைத் திறந்தேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, "காக்காவும் ஆண்டவரு படைச்சதுதான்" என்றாள்.

அடுத்தது குழம்பு. அவளுக்கு உடம்புக்கு முடியாத ஒரு நாள் நான் வைக்கிறேன் என்று போய், மீன்குழம்பில் கை நிறையச் சீனி அள்ளிப் போட்டேன். அத்தை ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். வெகுநேரம் மூடியிருந்தாள். "இனிப்பா இருக்கு. தாயே தோத்திரம்" என்று சொல்லி முழுச் சோற்றையும் தின்று முடித்தாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது. இருந்தாலும் விடவில்லை. அவள் பித்தளைக் குடத்தை வேண்டுமென்றே நசுக்கிக் கொண்டுவந்தேன், அவள் ஜெபமாலை சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை கடித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

நான்காவது வாரம் பிடிபட்டேன்.

"ஏளா, இங்கன வா" என்றாள். குரல் மெதுவாக இருந்தது. அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. "ஒரு மாசமா என்னைய என்ன செய்யுதே? அது என்ன நோட்டு?"

சொன்னேன். மிஸ் சொன்னது, நூறு சொல், முதல் பெஞ்சுக்காரி, மூக்கு, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவள் முகத்தில் கோபத்துக்குப் பதிலாக ஒரு பெருமை ஏறியது.

"நான் ஏசுறதையா காலேஜில படிக்காவ? அதுக்கா எந் தம்பி சம்பளம் கெட்டுதான்?"

"ஒரு பத்து மட்டும் சொல்லுங்க அத்தே. கோவப்படாம, சும்மா பாடம் மாதிரி சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ தொண்டைவரை வந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம்ளா. வாய் ருசி கண்டுரும். இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு. எம் பேத்தி வரணும்." அப்புறம் எழுந்து போகிற போக்கில் சொன்னாள். "அதுவும் போக எனக்கு ஒண்ணும் நெனவு இல்ல. ஏசுனவளுக்கு எங்க நெனவிருக்கும்? வாங்கிக் கெட்டுனவளுக்குத்தான் இருக்கும்."

அத்தை வருத்தத்தில் சொன்னாள். எனக்கு அது வழி சொன்ன மாதிரி இருந்தது. மறுநாள் கல்லூரி விட்டதும் துறைமுகத்துப் பஸ்ஸைப் பிடித்தேன்.

அத்தையின் மருமகளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உடன்குடிப் பக்கம், செம்மண் தேரிக்காடு. அவர்கள் வீட்டில் கருப்பட்டி வியாபாரம். கல்யாணம் ஆகி வரும்வரைக்கும் உயிரோடு ஒரு நண்டைக்கூடப் பார்த்ததில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் முதலில் முறைத்தாள். பிறகு பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக்கோ" என்றாள்.

நான் எழுதினேன். எழுத எழுதக் கை வலித்தது. நான் கேள்விப்படாததெல்லாம் அவளிடம் இருந்தது. எந்தக் கிழமை, என்ன மீன், எந்தச் சட்டி, அத்தை எங்கே நின்றாள் என்பதுவரை வைத்திருந்தாள். வாளைமீனைக் கழுவாமல் வெட்டியதற்கு ஒன்று, எறாலை மீசையோடு குழம்பு வைத்ததற்கு மூன்று. நடுவில் எழுந்து நின்று இடுப்பில் கை வைத்து அத்தை மாதிரியே தலையை வெட்டிக் காட்டினாள். நான் சுவரில் சாய்ந்து சிரித்தேன்.

"கலியாணம் ஆன புதுசுல அவிய ஏசுனது ஒண்ணும் எனக்கு வெளங்கல. சிரிச்சிக்கிட்டே நிப்பேன். சிரிக்காளேன்னு அதுக்கு வேற ஏச்சு. பொறவு ஒங்க அத்தான்கிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன். தெரிஞ்ச பொறவும் சிரிப்புத்தான் வந்துச்சு."

"அப்பொறம் எதுக்குக்கா வீட்ட விட்டு வந்திய?"

அவள் முகம் மாறிவிட்டது. பாயில் விரலால் கோடு போட்டாள்.

"பிள்ளைக்கிக் காய்ச்சல் அடிச்சிச்சில்லா. மூணு நாள் நான் கண்ணு மூடல. நாலா நாள் அவிய வந்து நின்னு, ஏளான்னு கூப்பிடல, மூதின்னு சொல்லல. சத்தமும் போடல. 'ஒனக்குப் பிள்ளை வளக்கத் தெரியல'ன்னு மட்டும் சொன்னாவ." மூக்கை உறிஞ்சினாள். "மத்ததெல்லாம் ஏச்சு. அது ஒண்ணுதான் பேச்சு. அத எழுதாத."

நான் எழுதவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாளும் அத்தை வாயைத் திறக்க வைக்க நான் ஆடிய ஆட்டமெல்லாம் நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தை நேர்ந்துகொண்டதைச் சொன்னேன். அக்கா நம்பவில்லை.

"நாப்பது நாளா? ஒங்க அத்தையா?"

"ஆமாக்கா. குழம்புல சீனியப் போட்டுக் குடுத்தேன். தோத்திரம் சொல்லித் தின்னாவ."

அக்கா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. என்னைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்துபோனாள்.

நோட்டில் தொண்ணூற்றொன்பது சேர்ந்திருந்தது. மிஸ் அதைத்தான் வகுப்பில் வாசித்தார். எங்கள் தெருச் சத்தத்தை நாசரேத்துக் குரலில் கேட்க வேடிக்கையாக இருந்தது. வகுப்பே உருண்டு சிரித்தது. எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. முதல் பெஞ்சுக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சே, நோட்டே நாறுது" என்றாள்.

நான் எழுந்தது எனக்கே தெரியாது. "ஏளா ஊதின பேத்தை! நாத்தம் நோட்டுல இல்லளா, ஒம் மூக்குக்குள்ளதான் இருக்கு! அந்த மூக்க அறுத்துக் காயப்போட்டா காக்காகூட எறங்காது!"

இரண்டு வருஷத்தில் அந்தக் கூரைக்குக் கீழே நான் என் வீட்டுப் பேச்சைப் பேசியது அதுதான் முதல் தடவை. மிஸ் என்னை வெளியே அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து நோட்டை என் பக்கம் நீட்டினார். "நூறு ஆயிடுச்சு. யார் சொன்னது, எதுக்குச் சொன்னதுன்னு மறக்காம எழுது" என்றார்.

ஈஸ்டர் அன்று மத்தியானம் நாங்கள் எல்லோரும் அத்தை வீட்டில் இருந்தோம். அத்தை காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தபடி இருந்தாள். நோன்பு முடிந்துவிட்டது, ஏசலாம். ஆனால் ஏசவில்லை. வெயில் ஏறிய பிறகு ஒரு ரிக்சா வந்து நின்றது. அத்தான் இறங்கினார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா இறங்கினாள்.

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்க" என்றாள் மருமகளைப் பார்த்து. "உள்ள வந்து உக்காருங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை தன் வாழ்நாளில் மருமகளை 'ங்க' போட்டு அழைத்ததில்லை. நாற்பது நாள் வாயைக் கட்டியதில் ஏசாமல் எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. வீட்டுக்கு வந்த பங்குச்சாமியாரிடம் பேசுகிற மாதிரி பேசினாள். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. தானும் 'சரிங்க' என்றாள். இலை போட்டார்கள். "கொஞ்சம் போட்டுக்கிடுங்க" என்றாள் அத்தை. "போதுங்க" என்றாள் அக்கா. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பேத்தி இந்தப் பக்கம் வராமல் தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தின்றுவிட்டு அப்படியே கிளம்பிப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. அழுகையாக வந்தது.

பிள்ளை ஒளிந்திருந்த இடத்திலிருந்து நகரப் பார்த்து, குழம்புச் சட்டியில் இடித்தது. சட்டி கவிழ்ந்தது. புளித்தண்ணியும் மீன்துண்டுமாகத் தரை முழுக்க ஓடியது. எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்ல" என்றாள். கையில் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

பிள்ளை பயந்துபோய்ச் சட்டியைப் பார்த்தது, அத்தையைப் பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லாதது அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றியது. தலையை ஒரு வெட்டு வெட்டியது.

"ஏளா செத்த கணவாய்! பாத்துக்கிட்டு நிக்கா! துணிய எட்றீ மூதி!"

அத்தையின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. மூன்று மாதமாகப் பார்க்காத பிள்ளை. துறைமுகத்து வாடகை வீட்டில் அக்கம்பக்கத்தில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அத்தானுக்குச் சத்தமே வராது. அத்தை மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். அக்கா காது வரை சிவந்துபோய் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத யாரு... நீயா சொல்லிக் குடுத்தே?"

"சொல்லிக் குடுக்கலத்தே. பிள்ளைய அதட்டுறதுக்கு எனக்கு வேற பேச்சு வர மாட்டேங்கு."

அத்தை அப்படியே தரையில், குழம்புக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழுதாள். அது திமிறிக்கொண்டு இன்னும் ஒரு தடவை கணவாய் என்று சொன்னது. அத்தை யார் முகத்தையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"பிள்ளைய நல்லாத்தான் வளத்திருக்கா."

அக்கா கையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். அத்தை அதைக் கொஞ்ச நேரம்தான் பொறுத்தாள்.

"என்னளா அழுதுக்கிட்டு இருக்கே, கரை தட்டின தோணி? கொழம்பு எஞ் சேலையில ஊறுது, தெரியலையா? எந்திரிச்சித் துணிய எடுளா!"

"இந்தா எடுக்கேன்லா, கத்தாதிய" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்தாள்.